டாவின்சி ரிசால்வ்: மலை ரயில் கிளிப்புகளோடு எடிட் திரையைப் பழகுவோம்

குன்னூர், ஊட்டிப் பக்கம் போன் வைத்திருக்கும் பலரிடமும் மலை ரயில் வீடியோ இருக்கும். அதை வெட்டிச் சேர்க்க மென்பொருளைத் திறந்தால், கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பட்டன்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஒரு கிளிப் திரையில் எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் பின்தொடருங்கள். அந்த வழியில் குறுக்கிடாத பட்டனை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே இதற்குப் போதும்.

1. திறப்பதற்கு முன்

கிளிப்புகளை மெமரி கார்டிலிருந்து கணினியில் ஒரு ஃபோல்டருக்கு காப்பி செய்யுங்கள். ரிசால்வ் வீடியோவைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்ளாது. அது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கார்டைக் கழற்றினாலோ ஃபோல்டரை இடம் மாற்றினாலோ படத்துக்குப் பதில் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாக வந்து நிற்கும்.

2. அடிவரிசை

புது புராஜெக்டைத் திறந்ததும் திரையின் அடியைப் பாருங்கள். மீடியா, கட், எடிட், ஃப்யூஷன், கலர், ஃபேர்லைட், டெலிவர் என்று ஏழு பக்கங்கள். இன்று எடிட் மட்டும்.

3. மீடியா பூல்

இடது மேல் மூலை. ஃபோல்டரிலிருந்து கிளிப்புகளை இங்கே இழுத்துப் போடுங்கள். புராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை (வினாடிக்கு எத்தனை படங்கள் என்ற எண்ணை) மாற்றவா என்று கேட்டால் நிதானியுங்கள். எல்லாம் ஒரே போனில் எடுத்தவை என்றால் மாற்றச் சொல்லுங்கள். கிளிப்புகள் உள்ளே வந்தபிறகு அந்த எண்ணை மாற்ற விடாது.

4. இரண்டு வ்யூவர்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துப் பழகுங்கள். மீடியா பூலில் ஒரு கிளிப்பை டபுள் கிளிக் செய்தால் அது இடது வ்யூவரில் (படம் ஓடும் கட்டத்தில்) திறக்கும். அங்கே தெரிவது நீங்கள் எடுத்தபடியே உள்ள முழு கிளிப். வலது வ்யூவரில் தெரிவது கீழே டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டையில்) நீங்கள் அடுக்கியது. ஒரே வ்யூவர்தான் இருக்கிறதென்றால், அதன் வலது மேல் ஓரத்தில் இரண்டாக்கும் ஐகான் இருக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் ரயிலை நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். அதனால் குன்னூர் ஸ்டேஷனில் எடுத்த கிளிப்பில் முதலில் பெட்டிகள் கடக்கும், இன்ஜின் கடைசியில்தான் வரும். உங்களுக்கு வேண்டியது இன்ஜின் என்றால், இடது வ்யூவரில் அந்த இடத்துக்கு நகர்ந்து ஐ கீயை அழுத்துங்கள், அது தொடக்கம். முடிய வேண்டிய இடத்தில் ஓ கீ. பிறகு படத்தைப் பிடித்துக் கீழே டைம்லைனுக்கு இழுங்கள். குறித்த துண்டு மட்டும் போகும். மூல ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, பயமில்லாமல் வெட்டலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஸ்பேஸ், ஐ, ஓ எல்லாம் கடைசியாகக் கிளிக் செய்த பகுதியில்தான் வேலை செய்யும். அழுத்தியது வேறெங்கோ விழுந்தால், வேண்டிய வ்யூவரை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

5. டைம்லைன்

மேலே வீடியோ ட்ராக், கீழே ஆடியோ ட்ராக். நெட்டாக நிற்கும் கோடுதான் பிளேஹெட். அது நிற்கும் ஃப்ரேம் வலது வ்யூவரில் தெரியும். பி கீ அழுத்தினால் வெட்டும் பிளேடு, ஏ அழுத்தினால் பழைய அம்புக்குறி. கிளிப்புகள் கண்ணுக்கு அகப்படாமல் சிறுத்துவிட்டால் ஷிஃப்ட்டோடு இசட். மொத்த டைம்லைனும் திரைக்குள் அடங்கிவிடும். தவறாக வெட்டினால் கண்ட்ரோலோடு இசட்.

லேப்டாப் திணறினால் பிளேபேக் மெனுவில் டைம்லைன் பிளேபேக் ரெசல்யூஷனை (பழைய பதிப்புகளில் டைம்லைன் ப்ராக்ஸி ரெசல்யூஷன்) 'ஹாஃப்' ஆக்குங்கள்.

6. இன்ஸ்பெக்டர்

வலது மேல் மூலை. டைம்லைனில் ஒரு கிளிப்பைத் தேர்ந்தெடுத்தால் அதன் அளவு, இடம், ஒலி அளவு இங்கே வரும். மூடுபனியில் எடுத்த கிளிப் வெளிறித் தெரிகிறதே என்று உடனே கலர் பக்கத்துக்கு ஓடாதீர்கள். மலையில் பனி அப்படித்தான் இருக்கும். அந்த வெளிறலே சில நேரம் அழகு. முதலில் வெட்டி முடியுங்கள்.

7. ஏதாவது பகுதி காணாமல் போனால்

ஒர்க்ஸ்பேஸ் மெனுவில் 'ரீசெட் யுஐ லேஅவுட்'. திரை பழையபடி ஆகிவிடும், உங்கள் எடிட் அப்படியே இருக்கும். முதல் வாரம் வேண்டுமென்றே பகுதிகளை மூடி, இழுத்து, கலைத்துப் பாருங்கள்.