பழைய ரவுட்டர வச்சி புறவாசல் வரைக்கும் வைஃபை

பாளையங்கோட்டைல எங்க பழைய வீட்டுச் சுவரு ரெண்டடி கனம், பட்டாசல்ல ரவுட்டர் இருந்தா புறவாசலுக்கு சிக்னலே எட்டாது, அதுக்குன்னு புதுசு வாங்க வேண்டாம்வே, பரண்ல கெடக்க பழைய ரவுட்டரே ஆக்சஸ் பாயிண்டா, அதாவது மெயின் ரவுட்டர் நெட்ட வாங்கி வைஃபையா பரப்புத பெட்டியா, வேல செய்யும்.

மொதல்ல அத ரீசெட் பண்ணி, லேப்டாப்ப கேபிள்ல மாட்டி செட்டிங்ஸ்குள்ள போங்க. மெயின் ரவுட்டரோட ஐபி, அதாவது நெட்வொர்க்ல அதோட விலாசம், 192.168.1.1னா இதுக்கு 192.168.1.2ன்னு குடுங்க, மெயினோட டிஎச்சிபி (போன், லேப்டாப்புக்கெல்லாம் தானா ஐபி குடுக்குத வசதி) ரேஞ்சுக்குள்ள அந்த நம்பர் வரக்கூடாது. அடுத்து இதுல டிஎச்சிபிய ஆஃப் பண்ணணும், இதத்தான் முக்காவாசி பேரு மறந்துருதாவ, ரெண்டு பெட்டியும் ஐபி குடுத்தா ஒரே சீட்டுக்கு ரெண்டு கண்டக்டர் டிக்கெட் கிழிச்ச கததான். நான் இதுல ரெண்டு நாள் மண்டைய ஒடச்சேன்.

பெயரு, பாஸ்வேர்டு ரெண்டுலயும் ஒண்ணா வைங்க, செக்யூரிட்டி டபிள்யூபிஏ2, ஒண்ணுல சேனல் 1னா இன்னொண்ணுல 6 இல்ல 11.

கடைசியா ரெண்டு ரவுட்டரையும் சேக்குத கேபிளோட ரெண்டு முனையும் லேன் போர்ட்லதான், வேன் (WAN, வெளிய இருந்து நெட் வருத) ஓட்டைல சொருவிராதிய. 100 மீட்டருக்குள்ள எவ்ளோ தூரமும் இழுக்கலாம். கனத்த சுவருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் தாங்கும், 5 வேகம்தான், ஆனா சுவரக் கண்டா படுத்துரும்.