நோயில்லா நாயின் நுரையீரல் செல்களை எண்ணும் முறை

இருமலோடு வரும் நாயின் நுரையீரல் கழுவுநீரில் (நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டு உறிஞ்சி எடுப்பது) எந்தச் செல் மிகை என்று சொல்ல, நோயில்லா நாயின் கணக்கு முதலில் தெரிய வேண்டும். அந்தக் கணக்கு பெரும்பாலும் கெடுவது நுண்ணோக்கியில் அல்ல, நீரை எடுக்கும் விதத்திலும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் விதத்திலும்தான்.

தேர்வில் கறாராக இருங்கள். வேலூர்ப் பக்கத்துத் தெருநாய் வெளிப்பார்வைக்குத் தெம்பாக இருந்தாலும் வயிற்றில் கொக்கிப்புழு இருக்கலாம். அதன் லார்வா நுரையீரல் வழியாகவும் போகும், ஈசினோஃபில் (புழுத் தொற்றில் கூடும் ஒருவகை வெள்ளணு) ஏறிவிடும். மலப் பரிசோதனை, ரத்தத்தில் இதயப்புழுச் சோதனை, மார்பு எக்ஸ்ரே மூன்றும் சரியானால் மட்டும் சேருங்கள். உரிமையாளர் சம்மதமும் நெறிமுறைக் குழு அனுமதியும் முன்பே வேண்டும்.

மயக்கம் கொடுக்கும் முன் சில நிமிடம் ஆக்சிஜன். புரோங்கோஸ்கோப் (மூச்சுக்குழாயின் உள்ளே பார்க்கும் குழல்) நுனியைச் சிறு கிளை மூச்சுக்குழாயில் இறுகப் பொருத்தி, உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிய 0.9% சலைனை (உப்புநீரை) விட்டு உடனே மெதுவாக உறிஞ்சுங்கள். பெரிய நாய்க்கு 25 மி.லி. வீதம் இரண்டு முறை. சிறியதற்கு கிலோவுக்கு 1 முதல் 2 மி.லி. பாதியாவது திரும்பி வர வேண்டும். எடுத்த நீரின் மேலே நுரை நின்றால் காற்றறை வரை போயிருக்கிறீர்கள். நுரையே இல்லை, தட்டையான வாய்ச்செல்கள் தெரிகின்றன என்றால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள். வேகமாக இழுத்தால் மூச்சுக்குழாய் ஒட்டிக்கொள்ளும், ரத்தமும் கலக்கும்.

செல் எண்ண ஈடிடிஏ (உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய், கிருமி வளர்க்கச் சாதாரண மலட்டுக் குழாய். சித்திரை வெயிலில் காரில் அரைமணி வைத்தாலே செல் சிதையும். ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு மணிக்குள் ஸ்லைடு போடுங்கள். சைட்டோஸ்பின் (செல்களைச் சுழற்றி நேராக ஸ்லைடில் படியவைக்கும் கருவி) இல்லாவிட்டால் மெதுவான சுழற்சியில் 10 நிமிடம் சுற்றி, அடியில் படிந்ததில் அந்த நாயின் சீரம் (ரத்தத் தெளிநீர்) ஒரு துளி கலந்து பூசலாம். செல் ஸ்லைடில் ஒட்டும்.

மொத்த எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டரில் ஐந்நூறுக்குள் இருக்கும். 200 செல்லாவது வகைபிரித்து எண்ணுங்கள். நூற்றுக்கு மேக்ரோஃபேஜ் (தூசியையும் கிருமியையும் விழுங்கும் செல்) 70 முதல் 80, வெள்ளணு வகைகளில் லிம்போசைட் 6 முதல் 14, நியூட்ரோஃபில், ஈசினோஃபில் தலா 5 அளவில், மாஸ்ட் செல் (ஒவ்வாமையில் பங்குள்ள, துகள் நிறைந்த செல்) 1 அல்லது 2. வேகச் சாயங்களில் மாஸ்ட் செல்லின் துகள்கள் சரியாகப் பிடிக்காமல் போகலாம். அவற்றை எண்ண கீம்சா என்ற சாயம் நல்லது. நெடுஞ்சாலையோரம் வளரும் நாயின் மேக்ரோஃபேஜுக்குள் கரும்புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் புகைக்கரி. அதற்காக நாயை நீக்க வேண்டாம்.

கழுவிய பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, ஈறு இளஞ்சிவப்பாகவே நிலைக்கும்வரை ஆக்சிஜனைத் தொடருங்கள். சில மணி நேரம் மார்பில் நொறநொறவென்று சத்தம் கேட்கும். மூச்சு சீராக இருந்தால் மருந்து தேவையில்லை.