ஒரே சம்பளத்தில் குடும்பத்துடன் வெளிநாட்டில் குடியேறுவதற்குப் பணம் திட்டமிடும் முறை

ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பம் வேறொரு நாட்டுக்குக் குடிபெயர முடிவெடுத்தவுடன், மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடத் தொடங்குகிறது. அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் எந்தத் தேதியில் எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும் என்பதைப் பார்க்காமல் விடுவதால் தடுமாறும் குடும்பங்களே அதிகம். பழைய வேலையின் கடைசிச் சம்பளத்துக்கும் புதிய வேலையின் முதல் முழுச் சம்பளத்துக்கும் நடுவே ஒரு மாதமாவது இடைவெளி விழும். சில சமயம் அது இரண்டு மூன்று மாதங்களாகவும் நீளும். விசாக் கட்டணம், விமானச்சீட்டு, வீட்டு முன்பணம் ஆகிய மூன்று பெரிய செலவுகளும் அந்த இடைவெளியிலோ அதற்குச் சற்று முன்போ வந்து சேருகின்றன. இருவர் சம்பாதிக்கும் வீடாக இருந்தால், ஒருவர் சில மாதங்கள் பழைய வேலையிலேயே இருந்து நிலைமையைச் சமாளிக்கலாம். ஒற்றைச் சம்பள வீட்டுக்கு அந்த வசதி கிடையாது. எனவே செலவுகளை வகைவாரியாகப் பட்டியலிட்டதும், அவற்றைத் தேதிவாரியாகவும் அடுக்கிப் பார்க்க வேண்டும்.

கைக்கு வரும் தொகை

பணி நியமனக் கடிதத்தில் இருக்கும் ஆண்டுச் சம்பளத்தை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். வருமான வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம், ஓய்வூதியப் பங்களிப்பு, காப்பீட்டுத் தவணை எல்லாம் கழிந்த பிறகு மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வந்து சேரும் தொகைதான் உங்கள் பட்ஜெட்டின் முதல் வரி. ஒற்றைச் சம்பளக் குடும்பத்தைப் பொறுத்தவரை, இந்தத் தொகை நாட்டுக்கு நாடு பெரிதும் மாறும். ஜெர்மனியில் கணவன் மனைவி இருவரின் வருமானத்தையும் கூட்டி, இரண்டாகப் பிரித்து வரி விதிக்கும் முறை இருப்பதால், ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் தம்பதிக்கு வரிச்சுமை கணிசமாகக் குறைகிறது. பொது மருத்துவக் காப்பீட்டில் இருப்பவரின் வருமானமில்லாத துணையும் குழந்தைகளும் கூடுதல் தவணை இல்லாமலேயே அதில் சேர்க்கப்படுகிறார்கள். பிரிட்டனிலோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே வரி. வருமானமில்லாத துணையின் வரியில்லா வரம்பிலிருந்து 1,260 பவுண்டை மட்டுமே மற்றவருக்கு மாற்ற முடியும். அந்த மற்றவரும் அடிப்படை வரி விகிதத்துக்குள் இருக்க வேண்டும். சவூதி அரேபியாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்று மகிழ்பவர்கள், உடன் வரும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் செலுத்த வேண்டிய கட்டணத்தை மறந்துவிடக் கூடாது. 2017இல் மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய அந்தக் கட்டணம் 2020இல் 400 ரியாலாக உயர்ந்தது. துணையும் இரண்டு குழந்தைகளும் உடனிருந்தால் மாதம் 1,200 ரியால் இதற்கே போய்விடும்.

ஆகவே இரண்டு நாடுகளிலிருந்து வேலை வாய்ப்பு வந்திருந்தால், மொத்தச் சம்பளத்தை ஒப்பிடுவதில் பயனில்லை. உங்கள் குடும்ப அமைப்பைக் குறிப்பிட்டு, கைக்கு வரும் தொகையை எழுத்துமூலமாகக் கணக்கிட்டுத் தருமாறு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவைக் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். மருத்துவக் காப்பீடு ஊழியருக்கு மட்டுமா, குடும்பத்துக்கும் சேர்த்தா, குடும்பத்துக்கு என்றால் தவணையில் உங்கள் பங்கு எவ்வளவு, காப்பீடு எந்த நாளிலிருந்து செல்லும் என்ற கேள்விகளையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

விசா: தலைக்கு ஒரு கட்டணம்

விசாச் செலவைத் தனி ஆளுக்குப் பார்த்துவிட்டுக் குடும்பத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும் என்று எண்ணுவது ஆபத்தானது. பிரிட்டனை எடுத்துக்கொண்டால், விசாக் கட்டணத்துக்கு மேல் சுகாதாரக் கூடுதல் கட்டணம் என்று ஒன்று உண்டு. 2024 பிப்ரவரி முதல் அது பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 776 பவுண்டு. விசாக் காலம் முழுவதற்குமான தொகையை விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர் என்றால் மூன்றாண்டு விசாவுக்கு இந்தக் கட்டணம் மட்டும் 10,866 பவுண்டு ஆகிறது. நிறுவனம் ஊழியரின் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, குடும்பத்தினரின் கட்டணத்தை அவரிடமே விட்டுவிடுவதும் நடக்கிறது. ‘விசாச் செலவு நிறுவனத்துடையது’ என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், யாருடைய விசா என்று உடனே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

செலவாகாத பணமும் இங்கே கணக்கில் வருகிறது. குடும்பத்தைப் பராமரிக்கும் அளவுக்குச் சேமிப்பு இருப்பதைக் காட்டுமாறு பல நாடுகள் கேட்கின்றன. பிரிட்டனின் திறன்மிகு பணியாளர் விசாவில், நிறுவனம் பொறுப்பேற்காவிட்டால், ஊழியருக்கு 1,270 பவுண்டு, துணைக்கு 285, முதல் குழந்தைக்கு 315, அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 200 என்ற அளவில் பணம் தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். இது உங்கள் பணம்தான் என்றாலும், அந்த 28 நாட்களுக்கு அதைத் தொட முடியாது. அதே பணத்தில் விமானச்சீட்டு எடுக்கலாம் என்று திட்டமிட்டிருந்தால், இரண்டில் ஒன்று தள்ளிப்போகும்.

இதோடு பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் சான்றளிப்பு, அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு, மருத்துவப் பரிசோதனை, கடவுச்சீட்டுப் புதுப்பிப்பு எல்லாமே தலைக்கணக்கில் வருபவை. ஒவ்வொன்றும் சிறு தொகையாகத் தெரிந்தாலும், நால்வருக்குச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விமானச்சீட்டின் விலைக்கு அருகில் வந்துவிடக்கூடும்.

தேதிவாரிக் கணக்கு

ஒரு தாளில் வாரங்களை மேலிருந்து கீழாக எழுதுங்கள். புறப்படுவதற்கு 16 வாரங்கள் முன்பிருந்து, போய்ச் சேர்ந்த பிறகு 16 வாரங்கள் வரை இருக்கட்டும். ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே வரும் பணம், போகும் பணம், வார இறுதியில் மிச்சமிருக்கும் பணம் என்று மூன்று பத்திகள். பணம் கட்டாயமாக வெளியேறும் கடைசி நாளை அந்தந்த வாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனம் பின்னர் திருப்பித் தருவதாகச் சொன்ன தொகையை, அது உங்கள் கணக்குக்கு வந்து சேரும் வாரத்தில் மட்டுமே வரவு வையுங்கள். மூன்றாவது பத்தியில் மிகக் குறைவாக இருக்கும் எண் எதுவோ, அதுதான் நீங்கள் கவலைப்பட வேண்டிய எண். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால், மொத்தக் கணக்கு லாபத்தில் முடிந்தாலும் இந்தக் குடிபெயர்வு கடன் வாங்காமல் நடக்காது.

விளக்கத்துக்கு ஒரு கணக்கு. புதிய நாட்டில் மாதம் கைக்கு வரும் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வாடகை 35, மற்றக் குடும்பச் செலவுகள் 50 என்றால் மாதம் 15 பங்கு மிஞ்சும். முதல் முழுச் சம்பளம் வருவதற்குள் விசாவுக்கு 60, பயணச் சீட்டுகளுக்கு 40, தற்காலிகத் தங்குமிடத்துக்கு 40, இரண்டு மாத முன்பணமும் முதல் மாத வாடகையுமாக 105, வீட்டுச் சாமான்களுக்கு 50, இரண்டு மாதக் குடும்பச் செலவு 100 என்று வைத்தால், 395 பங்கு வெளியேறிவிடுகிறது. அதாவது ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம். மாதம் 15 பங்கு மிச்சப்படுத்தி அந்தச் சேமிப்பை மறுபடியும் சேர்க்க 26 மாதங்களுக்கு மேல் ஆகும். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இந்தக் கடைசிக் கேள்வியை, அதாவது செலவழித்ததை மீட்க எத்தனை மாதம் ஆகும் என்பதை, வேலை ஒப்பந்தக் காலத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாண்டு ஒப்பந்தத்துக்காக 26 மாதச் சேமிப்பைக் கரைப்பது பண நோக்கில் நஷ்டம். வேறு காரணங்களுக்காகப் போகலாம், ஆனால் அது தெரிந்தே போக வேண்டும்.

இந்த 395க்கு மேல், அவசர நிதியைத் தனியாக வைக்க வேண்டும். சம்பாதிப்பவர் ஒருவரே என்பதால் புதிய நாட்டின் செலவுக் கணக்கில் மூன்று மாதம், அதாவது இந்த உதாரணத்தில் 255 பங்கு, குறைந்தபட்ச அளவு என்பது என் கருத்து. வேலை போனால் விசாவும் போய்விடும் நாடுகளில், குடும்பம் முழுவதற்குமான திரும்பும் பயணச் செலவையும் அதில் சேர்க்க வேண்டும்.

வீடு

முன்பண விதிகளை முன்கூட்டியே படித்து வைத்தால் பேரம் பேசும் நிலையில் இருப்பீர்கள். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால், 2019ஆம் ஆண்டின் சட்டப்படி ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. ஜெர்மனியில் வெப்பமூட்டல் முதலிய செலவுகள் நீங்கிய வாடகையில் மூன்று மாத அளவு உச்சவரம்பு. அதையும் மூன்று மாதத் தவணைகளாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. தேதிவாரிக் கணக்கில் அந்தத் தவணை உரிமை ஒன்றே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிடலாம். சொந்த நாட்டின் கடன் மதிப்பெண் பெரும்பாலும் எல்லை தாண்டிச் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். புதிதாக வந்தவரிடம் சம்பளச் சீட்டு இல்லாததால் வீட்டுக்காரர்கள் பிணையாளரைக் கேட்பார்கள். நிறுவனம் ஒரு உத்தரவாதக் கடிதம் தருமா என்று புறப்படும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

முதல் ஆண்டு வாடகைக்கு, கைக்கு வரும் சம்பளத்தில் 35 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். குழந்தைகளின் பள்ளியே வீட்டின் இடத்தைத் தீர்மானிக்கும் என்பதால், அரசுப் பள்ளியில் வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா இடம் உண்டா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் பள்ளிக் கட்டணம் வாடகைக்கு இணையான செலவாக மாறிவிடும். அப்போது மேலே போட்ட கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

சாமான்களும் பயணமும்

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குச் சர்வதேச விமானங்களில் தனி இருக்கை இல்லாமல், வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான் வாங்குகிறார்கள். பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தால் பயணத் தேதியை அதற்கேற்பப் பாருங்கள். சரக்கு அனுப்புவதில், விமானச் சரக்குக்கு எடை குறைவாக இருந்தாலும் ஒரு கனமீட்டரைச் சுமார் 167 கிலோவாகக் கணக்கிட்டுக் கட்டணம் போடுவார்கள் என்பதால், மெத்தை, பொம்மை போன்ற பருமனான பொருட்களை அனுப்புவது வீண். கப்பலில் செலவு குறைவு, ஆனால் வாரக்கணக்கில் ஆகும்; அதற்குள் அந்தப் பொருள் அங்கே வாங்கப்பட்டுவிடும். என் பார்வையில், மீண்டும் வாங்க முடியாதவற்றையும் முதல் மாதத்தில் தேவைப்படுபவற்றையும் மட்டும் பெட்டியில் எடுத்துப்போவதே சரி.

இரண்டாவது சம்பளம்

துணை அங்கே போய் வேலை தேடிக்கொள்வார் என்ற நம்பிக்கையைப் பட்ஜெட்டில் எழுதாதீர்கள். அமெரிக்காவில் எச்-1பி என்னும் திறன் பணியாளர் விசாவில் இருக்கும் ஊழியரின் துணைக்குரிய எச்-4 விசாவில் இயல்பாக வேலை செய்யும் உரிமை இல்லை. 2015 முதல், நிரந்தர வசிப்புரிமை பெறும் வழியில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியவர்களின் துணைகள் மட்டும் தனி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் 2021 மே முதல், துணைக்கான அனுமதிச்சீட்டில் இருப்பவர் வேலை செய்யத் தனியாகப் பணி அனுமதி பெற வேண்டும். உரிமை உள்ள நாடுகளிலும் மொழி, தகுதிச் சான்று அங்கீகாரம், குழந்தைப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவை நடுவே நிற்கும். இரண்டாவது சம்பளம் வந்த பிறகு, பராமரிப்புக் கட்டணத்தையும் வரியையும் கழித்த மீதியை மட்டும் வரவில் சேருங்கள்.

துணைக்குப் பெயரளவில்கூட வருமானம் இல்லாத வீட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. எல்லாப் பணமும் ஒருவர் கணக்கில் இருந்து, அவர் நோயில் படுத்துவிட்டால், அந்நிய நாட்டில் மற்றவரிடம் வாடகை கட்டவும் பணம் இருக்காது. முதல் மாதத்திலேயே கூட்டுக் கணக்கைத் திறப்பதையும், ஒரு மாதச் செலவுத் தொகையைத் துணையின் தனிக் கணக்கில் போட்டு வைப்பதையும் தேதிவாரித் தாளில் ஒரு வரியாகவே எழுதுங்கள். சம்பாதிப்பவருக்கு ஆயுள் காப்பீடு இருந்தால், குடிபெயர்ந்த பிறகும் அது செல்லுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி பெறுங்கள்.

சிறிய நாணய மாற்றமும் பெரிய கடமைகளும்

சொந்த நாட்டில் வீட்டுக் கடன், பெற்றோருக்கு அனுப்பும் பணம் போன்றவை தொடர்ந்தால், அவற்றைப் புதிய நாணயத்தில் மாற்றிப் பட்ஜெட்டில் சேருங்கள். இன்றைய மாற்று விகிதத்தைவிடப் பத்து சதவீதம் மோசமான விகிதத்தில் கணக்கிடுவது பாதுகாப்பு. பணம் அனுப்பும்போது ‘கட்டணமில்லை’ என்ற விளம்பரத்தைப் பார்க்காமல், அனுப்பிய தொகைக்கு அங்கே எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். பல சேவைகள் தங்கள் லாபத்தை மாற்று விகிதத்துக்குள்ளேயே வைத்துவிடுகின்றன.

நிறுவனம் இடமாற்ற உதவித்தொகை தருவதாக இருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை உள்ளதா என்று பாருங்கள். அதற்கு வரி உண்டா என்பதையும் கேளுங்கள்; பிரிட்டனில் தகுதியுள்ள இடமாற்றச் செலவுகளுக்கு 8,000 பவுண்டு வரைதான் வரிவிலக்கு. நீங்கள் செலவழித்த பிறகு நிறுவனம் திருப்பித் தரும் முறையைவிட, முன்பணமாகத் தருமாறு கேட்பது, அதற்காகத் தொகையைச் சற்றுக் குறைத்துக்கொள்ள நேர்ந்தாலும், ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்கு லாபம்.

தாளில் குறைந்தபட்ச எண் பூஜ்யத்துக்குக் கீழே நின்றால், சம்பாதிப்பவர் முதலில் போய், இரண்டு சம்பளம் வாங்கிய பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் வழியைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு வீட்டுச் செலவு ஏறும் என்பது உண்மை. ஆனால் ஒரு அறையில் தங்குபவரின் செலவு குறைவு, குடும்பத்துக்கான விசாக் கட்டணமும் பயணமும் சம்பளம் வந்த வாரங்களுக்குத் தள்ளிப்போகும், வீட்டையும் பள்ளியையும் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு வழிகளுக்கும் தனித்தனித் தாள் போட்டு, மூன்றாவது பத்தியின் மிகக் குறைந்த எண்களை ஒப்பிட்ட பிறகு, பணி தொடங்கும் தேதியை நிறுவனத்திடம் உறுதி செய்யுங்கள்.