பழைய கணினியில் வீட்டுக்கான ரவுட்டரும் ஃபயர்வாலும்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதி வீடுகளிலும் ஓடும் நிலையிலுள்ள பல மேசைக்கணினிகள் மூலைக்குத் தள்ளப்படுகின்றன. 64 பிட் செயலியும் 4 ஜிபி ரேமும் சிறிய எஸ்எஸ்டியும் உள்ள கணினியாக இருந்தால், ஓபிஎன்சென்ஸ் (OPNsense) என்ற இலவச மென்பொருளைப் போட்டு அதையே வீட்டின் ரவுட்டராகவும், தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலாகவும் பயன்படுத்தலாம். இணையம் உள்ளே வர ஒன்று, வீட்டுக்குள் போக ஒன்று என நெட்வொர்க் கேபிள் செருகும் இரண்டு போர்ட்டுகள் வேண்டும். மதர்போர்டில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும் என்பதால் இன்டெல் சிப் உள்ள நெட்வொர்க் கார்டு ஒன்றைப் பொருத்துங்கள். ஓபிஎன்சென்ஸுக்கு அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ரியல்டெக் கார்டுகள் சில சமயம் தொல்லை தருகின்றன.

மென்பொருளைத் தொடுவதற்கு முன் கணினியைத் திறந்து, செயலியின் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்கில் அடைந்திருக்கும் அறுவடைக் காலத் தூசியையும் பதரையும் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் செல்லைப் புதிதாக மாற்றிவிடுங்கள். அந்தச் செல் தீர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் அழிந்து, எஃப் 1 பட்டனை அழுத்தச் சொல்லித் திரை அப்படியே நின்றுவிடும். கஜா போன்ற புயலுக்கு எந்த ஏற்பாடும் ஈடுகொடுக்காது என்றாலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடிக்கடி போய்வரும் மின்சாரத்துக்கு இந்தப் பெட்டி தாக்குப்பிடித்தே ஆக வேண்டும். ஆகவே, மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக இயங்கும்படி பயாஸில் அமைத்து, கீபோர்டு இல்லாவிட்டாலும் நிற்காமல் பூட் ஆகும்படி மாற்றி, பிளக்கைப் பிடுங்கிச் சற்றுப் பொறுத்து மீண்டும் செருகிச் சோதித்துக்கொள்ளுங்கள். கணினி, ஃபைபர் மோடம், வைஃபை பெட்டி மூன்றையும் இன்வெர்ட்டர் இணைப்பிலேயே வைத்து, இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் (மின்சாரம் போனதும் வேகமாக பேட்டரிக்கு மாறும் அமைப்பு) இருந்தால் அதில் ஓடவிடுங்கள்.

ஓபிஎன்சென்ஸ் கோப்பைப் பதிவிறக்கி ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து, லாகின் கேட்கும்போது 'இன்ஸ்டாலர்' (installer) என்ற பயனர் பெயரையும் 'ஓபிஎன்சென்ஸ்' (opnsense) என்ற கடவுச்சொல்லையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் கொடுங்கள். வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் முறைகளான யூஎஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டில் இசட்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. திடீர் மின்வெட்டை அது நன்றாகத் தாங்கும். எந்த போர்ட் வேன் (WAN, இணையம் வரும் பக்கம்), எந்த போர்ட் லேன் (LAN, வீட்டுப் பக்கம்) என்று குழப்பம் வந்தால், 'ஏ' என்று தட்டிவிட்டு அந்தந்தக் கேபிளைச் செருகினால் கணினியே கண்டுபிடித்துக்கொள்ளும். ஃபைபர் மோடமும் 192.168.1.1 என்ற முகவரியில் இருந்தால் மோதல் வரும் என்பதால், லேன் முகவரியை 192.168.10.1 என மாற்றி, நிர்வாகக் கடவுச்சொல்லையும் உடனே மாற்றுங்கள். மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றித் தரும்படி இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டு, பிபிபிஓஇ (இணைய இணைப்புக்கான லாகின் முறை) பயனர் விவரங்களை வேன் பகுதியில் இடுங்கள். ஏற்கெனவே உள்ள வைஃபை ரவுட்டரில் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் வசதி) அணைத்து, அதன் லேன் போர்ட்டில் கணினியின் லேன் கேபிளைச் செருகினால் அது வெறும் வைஃபை பெட்டியாக வேலை செய்யும்.

வெளியிலிருந்து தாமாக வரும் இணைப்புகளை ஓபிஎன்சென்ஸ் தொடக்கத்திலேயே தடுத்துவிடுகிறது; நீங்கள் கவனிக்க வேண்டியது உள்ளிருந்து வெளியே போவதைத்தான். களத்தையும் மோட்டார் கொட்டகையையும் பார்க்க வைத்திருக்கும் மலிவான சிசிடிவி கேமராவுக்கு டிஎச்சிபியில் நிலையான முகவரி ஒதுக்கி, அது இணையத்துக்குப் போவதைத் தடுக்கும் விதியை, எல்லாவற்றையும் அனுமதிக்கும் விதிக்கு மேலே வையுங்கள். விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுவதால், கீழே வைத்தால் பயன் இல்லை. இதன்பின் வெளியூரிலிருந்து கேமரா செயலியில் படம் வராது. வீட்டுக்குள் பார்ப்பதற்குப் பெரும்பாலும் இடையூறு இல்லை.

50 வாட் இழுக்கும் கணினி நாளொன்றுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் எடுக்கும். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் கணிசமான பகுதி அதிலேயே கரைந்துவிடும் என்பதால், குறைந்த மின்சாரம் எடுக்கும் சிறிய கணினி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் அமைப்புக் கோப்பைப் பதிவிறக்கி வேறொரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணினி பழுதாகும் நாளில், இன்னொரு பழைய கணினியில் அதை ஏற்றி, போர்ட்டுகளின் பெயரை மட்டும் மீண்டும் குறித்துக்கொடுத்தால் போதும்.