வைக்கோலில் இருந்து எத்தனால்: எங்கே சறுக்குகிறது?

"வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்களே, அதை எரிபொருளாக மாற்றலாமே" என்று கேட்காதவர்கள் இப்போது குறைவு. மாற்றலாம்தான். ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், அதிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால், அதாவது பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால், என்பது இலக்கு. வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 150 லிட்டர் வரும்.

பலருடைய திட்ட அறிக்கை சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு டன்னில் 380 கிலோ செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள், அத்தனையும் சர்க்கரையாகும், அத்தனை சர்க்கரையும் ஆல்கஹாலாகும் என்று தாளில் போட்டால் 270 லிட்டர் வந்துவிடும். அந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அடுத்தது, வைக்கோல் சும்மா கிடைக்கும் என்ற நினைப்பு. பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே இருப்பது மூன்று வாரம் போல. ஆண்டு முழுக்க ஆலைக்குத் தேவையானதை அதற்குள் சுருட்டி, கட்டி, ஏற்றி, அடுக்கியாக வேண்டும். வைக்கோல் எடையில்லாமல் இடத்தை அடைக்கும் பொருள் என்பதால் தூரம் கூடக் கூட லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும். காவிரி டெல்டாவில் கதையே வேறு. இங்கே வைக்கோல் மாட்டுத் தீவனம், கட்டுக்கு விலை வைத்து விற்கிற பொருள். பானிபட் கணக்கை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தால் முதலில் மாடு வைத்திருப்பவரோடுதான் போட்டி போட வேண்டியிருக்கும்.

ஈரத்தோடு கட்டுவது இன்னொரு தவறு. மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். கட்டின் நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்து பூஞ்சை நெடியும் அடித்தால், உள்ளே நுண்ணுயிர்கள் நம் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்துவிட்டன என்று பொருள். அந்தச் சூடு ஏறிக்கொண்டே போய் வைக்கோல் போரே தானாகத் தீப்பிடிப்பதும் உண்டு. கட்டோடு வரும் மண்ணும் கல்லும் வெட்டும் கத்தியையும் குழாயையும் அரித்துவிடும். வாசலிலேயே ஈரமும் மண்ணும் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

சரி, ஆலைக்குள் போவோம். கரும்புச்சாறு மாதிரி வைக்கோலில் சர்க்கரை தயாராக இல்லை. செல்லுலோஸ், அதைப் போலவே சர்க்கரைகளால் ஆன ஹெமிசெல்லுலோஸ், இவற்றை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மாடு அதை மணிக்கணக்கில் அசைபோட்டு, வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களிடம் விட்டுத்தான் செரிக்கிறது. ஆலையில் அந்த வேலையை நீர்த்த அமிலமும் நீராவியும் 160 முதல் 190 டிகிரி வரையிலான சூட்டில் சில நிமிடங்களில் செய்கின்றன. இதைத்தான் முன்பதப்படுத்தல் என்கிறோம். பதம் குறைந்தால், செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் என்சைம் உள்ளே நுழையாது. விலை கூடிய என்சைமை எவ்வளவு கொட்டினாலும் பலனில்லை. பதம் மீறினால், கிடைத்த சர்க்கரையே கருகி ஃபர்ஃப்யூரல் போன்ற பொருள்களாகிவிடும். கூழ் கருப்பட்டிப் பாகு நிறத்துக்குப் போய், பாதாம் போல ஒரு வாசனை தூக்கலாக வந்தால் கை மீறிவிட்டது என்று சந்தேகப்படலாம். அந்தக் கூழில், சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் திணறும். இது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் அயோவாவில் 2014-ல் தொடங்கிய போயட்-டிஎஸ்எம் ஆலை இந்த ஒரு கட்டத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது. 2019-ல் எத்தனால் உற்பத்தியை நிறுத்திவைத்தது. அதே மாநிலத்தில் 2015-ல் திறந்த டூபான்ட் ஆலை இரண்டே ஆண்டில் நின்றது. இரண்டும் மக்காச்சோளத் தட்டையை நம்பியவை. அதனால் முன்பதப்படுத்தலை உங்கள் ஊர் வைக்கோலிலேயே பல முறை ஓட்டிப் பார்க்காமல் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். மக்காச்சோளத்துக்குச் சரிவந்த அளவு இதற்குச் சரிவராது.

ஹெமிசெல்லுலோஸில் இருந்து வருவது பெரும்பாலும் சைலோஸ் என்ற சர்க்கரை. சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது. அதற்கென்று உருவாக்கிய ஈஸ்ட் வகை இல்லாவிட்டால் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கு கழிவுநீரோடு போய்விடும். கலக்குவது எளிது என்று தண்ணீரை அதிகம் சேர்ப்பதும் தவறு. ஆல்கஹால் 4 சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ச்சி வடிக்கிற செலவு கட்டாது. சாதாரணமாக வடித்தால் சுமார் 95 சதவீதத்தில் நின்றுவிடும்; பெட்ரோலில் கலக்க மிச்ச நீரையும் மூலக்கூறு சல்லடை என்ற, நீரைப் பிடித்துக்கொள்ளும் நுண்துளைப் பொருளில் எடுக்க வேண்டும்.

அப்புறம், வைக்கோலைக் காற்றில்லாமல் 500 டிகிரியில் சூடாக்கி எடுக்கும் பைரோலிசிஸ் எண்ணெயை டீசல் என்று நினைத்து டிராக்டரில் ஊற்றிவிடாதீர்கள். அதில் நீரும் அமிலமும் நிறைய. டீசலோடு கலக்காது, பம்பை அரித்துவிடும்.

வயலையும் மறக்கக் கூடாது. நெற்பயிர் எடுத்துக்கொண்ட பொட்டாஷில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனால் அடுத்த பட்டத்தில் விவசாயி அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். வைக்கோலுக்கு விலை பேசும்போது அந்தப் பொட்டாஷ் உர மூட்டையின் விலையும் அதில் சேர்ந்தாக வேண்டும்.