கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க ஆற்றுக் கப்பல்: பணம் கட்டுவதற்கு முன் கவனிக்காமல் விடும் விஷயங்கள்

ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் சந்தைகளை ஆற்றுக் கப்பலில் போய்ப் பார்க்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் எந்தக் கம்பெனி, எந்த அறை, சாப்பாடு எப்படி என்று வாரக்கணக்கில் அலசுகிறார்கள். தேதியையும் மணியையும் மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விடுகிறார்கள். இந்தப் பயணத்தில் ஏமாற்றம் வந்தால் அது பெரும்பாலும் அந்த இரண்டினால்தான் வருகிறது.

முதலில் தேதி. கிறிஸ்துமஸ் சீசன் என்றால் நமக்கு டிசம்பர் 24இல் தொடங்கிப் புத்தாண்டு வரை. தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு லீவு விடுவதும் அப்போதுதான். அதனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் 24, 25ஆம் தேதி வாக்கில் கிளம்பும் கப்பலைப் பிடிக்கிறார்கள். ஜெர்மனியில் கணக்கு நேர்மாறானது. அங்கே சந்தை என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலத்துக்கு உரியது. பண்டிகை வந்துவிட்டால் சந்தைக்கு வேலை முடிந்தது. கொலோன் கதீட்ரல் வாசலில் நடக்கும் சந்தை 23ஆம் தேதியோடு சரி. நூரம்பெர்க்கில் 24ஆம் தேதி மதியம் கடந்ததும் மூடிவிடுவார்கள். அன்று பிற்பகலுக்கு மேல் ஊர்க்கடைகளும் கிடையாது, 25, 26 இரண்டுமே அரசு விடுமுறை. 26ஆம் தேதி கொலோனில் இறங்குகிறவருக்குக் கதீட்ரல் இருக்கும், அதன் வாசலில் சந்தை இருக்காது.

லீவு 24இல்தான் கிடைக்கும் என்றால் ரைன் நதியை விட்டுவிட்டு டான்யூப் பக்கம் போவது நல்லது. வியன்னா நகர மண்டபத்துக்கு முன்னால் உள்ள பெரிய சந்தை வழக்கமாக 26 வரை நடக்கிறது. ஷான்ப்ரூன் அரண்மனைச் சந்தை சமீப வருடங்களில் ஜனவரி முதல் வாரம் வரை நீள்கிறது. புடாபெஸ்டிலும் டிசம்பர் கடைசிவரை கடைகள் உண்டு. ரைன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ப்ரைஸாக் துறையிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய, பிரான்ஸிலுள்ள கோல்மாரில் கிறிஸ்துமஸ் முடிந்தும் சில நாள் சந்தை இருக்கும். ஆனால் எல்லா இடங்களிலும் 24 மாலையும் 25ஆம் தேதியும் மந்தமாகத்தான் இருக்கும்.

சீசனின் தொடக்கத்திலும் இதே போன்ற ஒரு பள்ளம் உண்டு. நவம்பர் கடைசியில் கிளம்பும் கப்பல்களுக்குக் கட்டணம் குறைவு. அதற்குக் காரணம் இருக்கிறது. நூரம்பெர்க் சந்தை திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்றுதான் திறக்கும். 2026இல் அது நவம்பர் 27. அதற்கு முந்தைய ஞாயிறு ஜெர்மன் புராட்டஸ்டன்ட் மக்களுக்கு இறந்தவர்களை நினைவுகூரும் நாள். பல ஊர்கள் அது கழிந்த பிறகே சந்தையைத் தொடங்கும், முன்கூட்டியே திறந்த சில இடங்களும் அன்று ஒருநாள் மூடிவிடும். ஆகவே கப்பல் தேதி தெரிந்ததும், அது நிற்கும் ஒவ்வொரு ஊரின் சந்தைத் தேதியையும் அந்தந்த நகராட்சி இணையதளத்தில் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். கம்பெனியின் கையேட்டில் "கிறிஸ்துமஸ் சந்தைகள்" என்று தலைப்பு இருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. என் கணக்கில் டிசம்பர் 3லிருந்து 18க்குள் அடங்கும் வாரம்தான் பாதுகாப்பானது.

அடுத்தது மணி. டிசம்பர் நடுவில் வியன்னாவில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், புடாபெஸ்டில் அதற்கும் சில நிமிடம் முன்னால், கொலோனில் நாலரையை ஒட்டி. விளக்குகள் ஏறி, பட்டை கிராம்பு மணத்தோடு ஒயின் கொதித்து, பாட்டுக்குழுக்கள் மேடையேறுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். பெரிய சந்தைகள் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். காலை பத்தரை மணிக்குப் போனால் பாதிக் கடைக்காரர்கள் அப்போதுதான் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது கப்பலின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். "காலை 8 மணிக்கு வருகை, மாலை 5 மணிக்குப் புறப்பாடு" என்று ஒரு வரி இருக்கிறதா? கிளம்புவதற்கு அரைமணி முன்னால் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். சந்தையிலிருந்து துறைக்கு பஸ் என்றால் அதற்கும் அரைமணி. ஆக, விளக்கு ஏறும் நேரத்துக்கு நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள். "ஏழு நாளில் எட்டு ஊர்" என்று மார்தட்டும் பயணங்களில் இப்படிப்பட்ட வரிகள்தான் அதிகம். ஊர் குறைந்தாலும் பரவாயில்லை, மூன்று நான்கு ஊர்களிலாவது இரவு பத்து மணி வரையோ மறுநாள் காலை வரையோ கப்பல் நிற்கும் பயணத்தையே நான் தேர்வுசெய்யச் சொல்வேன். விலை பத்து சதவீதம் கூடினாலும் சரி.

கப்பலில் இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு, நான்கைந்து வகையாக, ஒன்றரை இரண்டு மணி நேரம் நடக்கும். கட்டிய காசு வீணாகக் கூடாது என்று எல்லோரும் அதற்கு ஓடி வருகிறார்கள். சந்தையின் மிக நல்ல இரண்டு மணி நேரம் அதில் போய்விடும். கப்பல் இரவு முழுக்க நிற்கிற ஊரில் அந்தச் சாப்பாட்டைத் துணிந்து விட்டுவிடலாம்.

கப்பல் எங்கே நிற்கிறது என்பதும் மணிக்கணக்கோடு சேர்ந்த விஷயம்தான். கொலோனிலும் பஸ்ஸாவிலும் இறங்கி நடந்தால் பழைய ஊர் வந்துவிடும். ரூடஸ்ஹைமும் அப்படியே. புடாபெஸ்டில் பல கப்பல்கள் நகரின் நடுவிலேயே கட்டுகின்றன. நூரம்பெர்க்கில் அப்படியில்லை. அங்கே கப்பல் நிற்பது ரைன்–மைன்–டான்யூப் கால்வாயின் சரக்குத் துறைமுகப் பக்கம், பழைய ஊருக்கு வண்டியில்தான் போகவேண்டும். ஸ்ட்ராஸ்பூர்கிலும் துறை ஊர் மையத்தைவிட்டுத் தள்ளியிருக்கிறது. வியன்னாவில் ரைஷ்ப்ரூக்க பாலத்தருகே இறங்கினால் யு1 மெட்ரோவில் சில நிறுத்தங்களில் ஊர் நடுவிலுள்ள ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் வந்துவிடும். கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஹைடல்பெர்க், சால்ஸ்பர்க் என்று பட்டியலில் வரும் பெயர்கள் பெரும்பாலும் பஸ் பயணங்கள். சால்ஸ்பர்க்குக்கு பஸ்ஸாவிலிருந்து போகவே இரண்டு மணி நேரம் ஆகும், திரும்பவும் அதே இரண்டு.

கிழமையையும் பாருங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் சந்தை 1570இலிருந்து நடப்பது, ஒரு சீசனில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். சனிக்கிழமை மாலை அங்கே நடப்பது என்றால் தை மாதத்தில் பழனி அடிவாரம்தான். செவ்வாய், புதன் என்றால் கடையில் நின்று ஒரு பொருளைக் கையிலெடுத்துப் பார்க்க முடியும்.

அறை விஷயத்தில் நம்மவர்கள் வீணாகப் பணம் கொட்டுவது பால்கனியில். கோடையில் சரி. டிசம்பரில் வெளியே 0லிருந்து 5 டிகிரி, நான்கரைக்கு இருட்டு, கப்பலோ பெரும்பாலும் இரவில்தான் ஓடும். துறையில் நிற்கும்போது கப்பல்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டுவார்கள். திரையை விலக்கினால் ஒரு கை தூரத்தில் அடுத்த கப்பலின் அறை, அதற்குள் யாரோ பல் தேய்த்துக்கொண்டிருப்பார். ஆற்றின் லாக்குகளில் (நீர்மட்டம் மாறும் இடத்தில் கப்பலை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள்) நுழையும்போது ஜன்னலை ஒட்டி ஈரமான கான்கிரீட் சுவர்தான் தெரியும். கால்வாய் லாக்கின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் ஏறத்தாழ 11.4 மீட்டர், அவ்வளவுதான் இடைவெளி. ராத்திரியில் ஒரு மெல்லிய இடி கேட்டால் பயப்பட வேண்டாம், அது அந்தச் சுவரில் உரசிய சத்தம். நடுத்தளத்தில், இன்ஜின் இருக்கும் பின்பக்கத்தைத் தவிர்த்து, சாதாரண ஜன்னல் அறை போதும். வயதானவர்களோடு போகிறவர்கள் லிஃப்ட் எந்தத் தளம் வரை போகிறது என்று கேட்டுவிடுங்கள். பல கப்பல்களில் கீழ்த்தளத்துக்கு லிஃப்ட் கிடையாது. பக்கத்துக் கப்பலின் மேல்தளம் வழியாகப் படியேறி இறங்கித்தான் கரைக்குப் போகவேண்டிய நாட்களும் வரும்.

பகல் வெளிச்சத்தில் கப்பல் ஓடுவது முக்கியம் என்று எனக்குப் படுவது இரண்டே இடங்களில்: ரூடஸ்ஹைமுக்கும் கோப்லன்ஸுக்கும் நடுவே கோட்டைகள் நிறைந்த ரைன் பள்ளத்தாக்கு, மெல்க்கிலிருந்து க்ரெம்ஸ் வரையிலான வாகாவ் பகுதி. இவற்றை இரவில் தாண்டும் அட்டவணைகளும் விற்பனையில் இருக்கின்றன.

தண்ணீர் அளவைப் பற்றி முகவர்கள் தாமாகச் சொல்வது அரிது. ரைனில் கௌப் என்ற ஊரின் அளவுகோல்தான் எல்லாக் கப்பல்காரர்களும் பார்ப்பது. 2018 அக்டோபரில் அது 25 செ.மீ. வரை இறங்கியது. ஆற்றின் முழு ஆழம் அதைவிட அதிகம் என்றாலும், அந்த அளவில் பெரிய கப்பல்கள் ஓட முடியாது. டான்யூப்பில் ஷ்ட்ராபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடையே அணை இல்லாத பகுதி இதே தொல்லையைத் தரும். வெள்ளம் வந்தால் பிரச்சினை தலைகீழ், பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது. 2023 டிசம்பர் கடைசியில் புடாபெஸ்டின் கரையோரச் சாலைகளே தண்ணீருக்குள் போயின. அப்படி ஆனால் உங்களை பஸ்ஸில் ஏற்றி மறுமுனையில் நிற்கும் வேறொரு கப்பலுக்கு மாற்றுவார்கள், இல்லாவிட்டால் ஹோட்டலில் தங்கவைப்பார்கள். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கும், பணம் திரும்ப வருவது கடினம். ஷெங்கன் விசாவுக்காக (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) எடுக்கும் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கானது. பயணம் ரத்தாவதற்கு அது பொறுப்பேற்காது, தனியாகச் சேர்க்கவேண்டும்.

விசா என்றதும் ஒரு சிக்கல். ஒரே பயணத்தில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி என்று நான்கு நாடு வரும். விமானம் இறங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விதி அப்படியில்லை: அதிக நாள் எங்கே கழிக்கிறீர்களோ அந்த நாடு. நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. அதனால் எந்த இரவு எந்த ஊரில் என்று தேதிவாரியாகக் குறித்த கடிதத்தைக் கப்பல் கம்பெனியிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். அக்டோபர் வரை தள்ளிப்போடாதீர்கள்.

கையில் ரொக்கம் இருக்கட்டும். ஜெர்மன் சந்தைக் கடைகளில் கார்டு வாங்காதவை இன்னும் நிறைய. 5, 10 யூரோ நோட்டுகள் வசதி. புடாபெஸ்டில் நாணயம் ஃபொரிண்ட், பாசலில் ஸ்விஸ் ஃப்ராங்க். சூடான ஒயின் வாங்கும்போது விலை நாலரை என்று பலகையில் பார்த்துவிட்டு, கடைக்காரர் எட்டு ஒன்பது கேட்டால் சண்டைக்குப் போகவேண்டாம். மிச்சம் குவளைக்கான டெபாசிட். காலிக் குவளையைத் திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். சில கடைகளில் குவளையோடு ஒரு சிறிய டோக்கனும் தருவார்கள். அதைத் தொலைத்தால் டெபாசிட்டும் போச்சு. குவளையில் ஊர்ப்பெயரும் வருடமும் அச்சிட்டிருக்கும். பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், விற்பனைக்கு இருக்கும் பல நினைவுப்பொருட்களைவிட அது மேல். மது வேண்டாதவர்கள் "கிண்டர்புன்ஷ்" என்று கேளுங்கள், பழச்சாறில் அதே மசாலா போட்டது.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை, ஆனால் கேட்காமல் வாங்கக் கூடாது. ஃப்ளாம்குகன் என்ற மெல்லிய ரொட்டியின் வழக்கமான வடிவத்தில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்து ஆப்பிள் கூழோடு தரும் ரைபகூகன் சுவையானது, மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். சுட்ட செஸ்ட்நட், சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம், வியன்னாவின் சூடான பூசணி சூப், புடாபெஸ்டில் பூண்டும் சீஸும் தடவிய லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டி ஆகியவற்றைத் தேடலாம். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். கப்பலில் "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் முட்டை நிச்சயம் வரும், சில சமயம் மீனும் வந்து நிற்கும். எது எது ஆகாது என்று பெயர்பெயராக, பதிவுசெய்யும்போதே எழுதிக் கொடுப்பது மேல்.

குளிருக்குக் கனமான கோட்டு வாங்கிவிட்டுச் செருப்புக் கடைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். சந்தையில் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம், குளிர் ஏறுவது உள்ளங்கால் வழியாக. தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ், கம்பளிக் காலுறை, உள்ளே தெர்மல் இருந்தால் மேலே நடுத்தரக் கோட்டே தாங்கும்.

எல்லோருக்கும் கப்பல் தேவையா என்றால், இல்லை. சுவிஸிலோ ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ இருக்கும் நம் சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால், ரயிலில் போய் இரவு வரை சந்தையில் இருந்துவிட்டுத் திரும்புவது மலிவு, நேரமும் உங்கள் கையில். பெட்டியை ஒருமுறை பிரித்துவைத்தால் போதும், ஊர் தானாக வந்து நிற்கும் என்ற வசதி வயதான பெற்றோருக்குத்தான் பெரிதாகப் பயன்படும்.

கடைசியாக, வாங்கும் பொருள். நான்காவது நாளில் எல்லாக் கடையும் ஒன்றுபோலத் தெரியும், அதற்குள் பை நிரம்பியிருக்கும். முதல் ஊரிலேயே அள்ளாமல், அந்தந்த ஊருக்கே உரியதைப் பாருங்கள். நூரம்பெர்க்கில் உலர்ந்த ப்ளம் பழத்தில் செய்த குட்டி மனித பொம்மைகளும் லெப்குகன் என்ற மசாலா கேக்கும். வியன்னாவில் கைவினைப் பொருள் வேண்டுமென்றால் நகர மண்டபத்தைவிட கார்ல்ஸ்பிளாட்ஸ் சந்தை மேல். குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி உருண்டையும் வியன்னாவின் பொருள்தான். 1900இல் எர்வின் பெர்ஸி உருவாக்கியது, அவர் குடும்பம் இன்றும் அங்கே செய்துவருகிறது. அதற்குள் இருப்பது தண்ணீர். கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள். துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.