விண்டோஸ் இருக்கிற லப்டொப்பில் உபுண்டுவும் ஏற்றுவது எப்படி

இந்த வேலையில் முக்கால்வாசி விண்டோஸுக்குள்ளேயே முடிந்துவிடும். இலவச லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவை நிறுவ அரை மணித்தியாலம் போதும். கோப்புகளைப் பறிகொடுப்பவர்கள் பெரும்பாலும் முன்னேற்பாட்டைத் தவறவிட்டவர்கள்தான். கீழே சொல்வது விண்டோஸ் 11 உள்ள லப்டொப்பில் உபுண்டு 24.04 ஏற்றும் முறை.

முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அடுத்தது பிட்லொக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்க்ரிப்ஷன். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடங்கிய புதிய லப்டொப்களில் இது கேட்காமலேயே ஓன் ஆகியிருக்கும். செட்டிங்ஸில் 'பிரைவசி அன்ட் செக்யூரிட்டி' போய் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' பாருங்கள். ஓனில் இருந்தால், முதலில் அந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க ரிக்கவரி கீயைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகுதான் ஓஃப் பண்ண வேண்டும். அது ஓனில் இருக்கும்போது பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே லப்டொப்பை எழுப்பும் அடிப்படை செட்டிங்ஸ்) ஏதாவது மாற்றினால் விண்டோஸ் இந்த 48 இலக்கத்தைக் கேட்கலாம்; கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளது எதையும் திறக்க முடியாது. என்க்ரிப்ஷன் முழுதாக நீங்க நேரமெடுக்கும், சார்ஜரைக் கழற்ற வேண்டாம்.

கண்ட்ரோல் பனலில் 'பவர் ஒப்ஷன்ஸ்' திறந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'பை நிறுத்துங்கள். அது ஓனில் இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்திலேயே இருக்கும். அந்த நிலையில் உபுண்டுவிலிருந்து சி டிரைவில் எழுதினால் கோப்புகள் பழுதாகும்.

இனி இடம் ஒதுக்குவது. 'டிஸ்க் மனேஜ்மென்ட்'டில் சி டிரைவை ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வொல்யூம்' கொடுங்கள். கேட்பது மெகாபைட் கணக்கு: 60 ஜிபி வேண்டுமென்றால் 61440. 25 ஜிபிக்குக் குறைந்தால் கொஞ்ச நாளிலேயே நிரம்பிவிடும். 200 ஜிபி காலியாக இருந்தும் விண்டோஸ் 20 ஜிபிதான் தருகிறதா? ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், ரீஸ்டோர் பொயின்ட் ஆகியவை டிரைவின் நடுவில் குந்தியிருக்கின்றன. மூன்றையும் நிறுத்தி ரீஸ்டார்ட் செய்து சுருக்குங்கள். பிறகு திரும்ப ஓன் பண்ணலாம். கிடைத்த இடத்தை ஃபோர்மட் செய்யாமல் 'அன்அலொகேட்டட்' ஆகவே விடுங்கள். அருகில் 100 அல்லது 260 எம்பி அளவில் தெரியும் இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தொடவே கூடாது. விண்டோஸ் தொடங்குவது அதிலிருந்துதான். உபுண்டுவும் தன் பங்கை அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

உபுண்டுவின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ ஏறக்குறைய 6 ஜிபி. உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு இறக்குங்கள். இடையில் லைன் அறுந்தால் கோப்பு குறைபடலாம், ஆகவே ஷா256 எனும் சரிபார்ப்பு எண்ணை உபுண்டு தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில், ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம், 'ஜிபிடி', 'யூஇஎஃப்ஐ' தெரிவுகளோடு எழுதுங்கள். பென்டிரைவில் இருந்தவை அழிந்துவிடும்.

மாரி காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பட்டரி முழுதாக ஏறிய பிறகு தொடங்குங்கள். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் கட்டாயம். பென்டிரைவிலிருந்து தொடங்க வைக்கும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசுஸ் லப்டொப்பில் எஸ்கேப்.

நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் முறை. பயோஸில் அதை நேரடியாக ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸின் எம்எஸ்கொன்ஃபிக் கருவியில் 'சேஃப் பூட்' தெரிவு செய்து, ரீஸ்டார்ட்டில் பயோஸுக்குள் போய் மாற்றி, விண்டோஸ் சேஃப் மோடில் ஒருமுறை எழும்பிய பின் அந்தத் தெரிவை நீக்குங்கள்.

டிஸ்க் பற்றிக் கேட்கும் திரையில் நிதானமாக வாசியுங்கள். 'இரேஸ் டிஸ்க்' என்பது விண்டோஸையும் சேர்த்து அழிக்கும். 'விண்டோஸ் பூட் மனேஜருடன் சேர்த்து நிறுவு' என்பதே நமக்குரியது. நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பயோஸ் பாதுகாப்பான செக்யூர் பூட்டை ஓஃப் பண்ணத் தேவையில்லை. டிரைவர்களுக்காக ஒரு பாஸ்வேர்ட் கேட்டால் அதை நினைவில் வையுங்கள்; அடுத்த ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' தெரிவு செய்து அதையே கொடுக்க வேண்டும். தவறவிட்டால் என்விடியா போன்ற டிரைவர்கள் வேலை செய்யா.

முடிந்த பிறகு நேரே விண்டோஸ் வந்தால் பயோஸின் பூட் ஓர்டரில் உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின்னும் இது நடக்கும். விண்டோஸ் மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பின்னே நின்றால் பயப்பட வேண்டாம்: உபுண்டு சர்வதேச நேரத்தையும் விண்டோஸ் இலங்கை நேரத்தையும் கணினிக்குள் வைக்கப் பார்க்கின்றன. உபுண்டு டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளைக்கு 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்தால் சரியாகும்.

தமிழில் தட்டச்சு செய்ய 'ஐபஸ்-எம்17என்' நிறுவுங்கள். தமிழ்99, ரெங்கநாதன் இரண்டு விசைப்பலகையும் அதில் உண்டு. பாமினி ஃபொன்ட்டில் அடித்த பழைய கடிதங்கள் உபுண்டுவில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். விண்டோஸிலிருந்து அந்த ஃபொன்ட் கோப்பைக் கொண்டுவந்து இரட்டைக் கிளிக் செய்து 'இன்ஸ்டோல்' கொடுத்தால், லிப்ரே ஒஃபிஸில் வாசிக்கலாம்.